அம்மாவின் நம்பர் கொப்பியும் திருமலை வீதிக் கொமினிகேஷன் கடையும்

அம்மாவிடம் நீல மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 1989 இல் வாங்கியது. மட்டையின் ஓரமெல்லாம் தேய்ந்து, முதுகில் அப்பா ஒட்டிய துணி நாடா மண்ணிறமாகிவிட்டது. அதற்குள் 240 க்கு மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு போன் நம்பர். சொந்தக்காரர், அம்மாவோடு படிப்பித்த ரீச்சர்மார், நெல் வாங்க வருகிறவர், கோயில் ஐயர், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஐந்தே ஐந்து இலக்கம். அந்த ஐந்தையும் இன்றைக்கு எந்தப் போனில் அழுத்தினாலும் ஒருவருக்கும் போகாது.

இந்தக் கொப்பியை முழுதாகத் திருத்தி, புதுப் போனிலும் ஏற்றித் தந்த ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பில் இப்படி ஒரு வேலையை இவ்வளவு கவனமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கே இந்த மாசிதான் தெரியும். வீட்டில் வயதானவர்களும் பழைய கொப்பியும் இருக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

கடை கோட்டைமுனைப் பக்கம். புளியந்தீவில் இருந்து பாலம் கடந்து திருமலை வீதியில் கொஞ்சத் தூரம் போய், ஒரு உள்வீதிக்குள் திரும்ப வேண்டும். வெளியே போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேட்டிங் என்று எழுதியிருக்கும். அதற்கு மேலே பழைய தகரப் பலகை ஒன்று. அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 065 என்று எங்கள் ஊர்க் குறியீட்டை எழுதி, ஒரு சிறு கோடு, பிறகு ஐந்து இலக்கம். அந்தக் கோட்டுக்கு மேலே, இடம் போதாமல், சிவப்புப் பெயின்றில் ஒரு சின்ன 22. பெயின்ற் வேறு, கை வேறு, எழுத்தின் அளவும் வேறு. 2003 இல் எங்கள் வீட்டு, கடை நம்பர்களுக்கு முன்னால் 22 சேர்ந்த பிறகு எங்கள் பசாரில் எத்தனையோ கடைப் பலகைகளில் இப்படி ஒரு குட்டி 22 ஏறி உட்கார்ந்திருந்தது. இப்போது எல்லாம் டிஜிற்றல் பனராகிவிட்டது. இந்த ஒன்று தப்பி நிற்கிறது.

இந்தக் கடைக்கு நான் முதலே வரவில்லை. தம்பி லண்டனில் இருந்து அம்மாவுக்குப் புதுப் போன் ஒன்று அனுப்பியிருந்தான். பழைய போனில் இருந்த பெயர்களை அதற்கு மாற்றத்தான் டவுணில் வேறொரு போன் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு செயலியைப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துத் தந்தார்கள். எல்லா நம்பருக்கும் முன்னால் +94 சேர்த்துவிட்டோம், இனி வட்ஸ்அப் நன்றாக வேலை செய்யும் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், 065 இல் தொடங்கியதெல்லாம் +94065 ஆகியிருந்தது. நாட்டுக் குறியீடு வந்தால் முன்னால் உள்ள பூச்சியம் போக வேண்டும் என்பதுகூடப் பார்க்கப்படவில்லை. அம்மா எப்போதோ ஐந்து இலக்கத்தில் பதிந்திருந்தவை +94 உம் ஐந்து இலக்கமுமாக நின்றன. லண்டன் நம்பர்கள் 0044 இல் தொடங்குபவை. அவற்றுக்கும் +94 போட்டு +940044 ஆக்கியிருந்தார்கள்.

அன்று இரவு தம்பி வட்ஸ்அப்பில் எடுத்தான். திரையில் அவன் பெயர் வரவில்லை, வெறும் நம்பர்தான் வந்தது. தெரியாத நம்பரில் இருந்து எடுத்துக் காசு ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள்தான் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தோம். அம்மா எடுக்கவில்லை. நாலு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் தம்பி என்னுடைய போனுக்கு எடுத்து, "அம்மாவுக்கு என்ன, சுகமில்லையா?" என்று கேட்டபோது அவன் குரல் நடுங்கியது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, போன் வேலை செய்கிறதுதானே என்றார்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கொமினிகேஷன் கடையைச் சொன்னார்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். 1990 களில் இருந்து அதே இடத்தில் கொமினிகேஷன் நடத்துகிறார். அந்தக் காலத்துக் கண்ணாடிக் கூண்டு இன்னும் கடைக்குள் நிற்கிறது. உள்ளே இப்போது ஏ4 கட்டுகள். கூண்டின் மேலே சிவப்பு எழுத்தில் காசு ஓடும் அந்த மீற்றரும் இருக்கிறது, ஆனால் வயர் இல்லை. அந்தக் கூண்டுக்குள் நின்றுதான் ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டோடு பேசியது. லண்டன் கோல் வருகிறது என்று சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா சேலையைச் சரிசெய்தபடி நடப்பார், நாங்கள் பின்னால் ஓடுவோம். எங்களுக்கு அது வேறு கடை, வேறு தெரு. ஆனால் கூண்டு ஒன்றுதான்.

அண்ணன் அந்தக் கெட்டுப்போன போனை ஒரு நிமிடம் பார்த்தார். மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இதுக்கெல்லாம் மூலம் ஒண்டு இருக்குமே, கையால எழுதினது?" அம்மாவின் கொப்பியைச் சொன்னேன். "அதக் கொண்டு வாங்க. மறுகா இதப் பாப்பம்."

எனக்கு 2003 நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். அலமாரி நிறையக் கடிதத்தாள், எல்லாவற்றிலும் தலைப்பில் பழைய நம்பர் அச்சடித்திருந்தது. புதிதாக அச்சடிக்கக் காசு வரும்வரை அவற்றைத்தான் பாவிக்க வேண்டும். 065 க்கும் நம்பருக்கும் இடையில் 22 ஐ நுழைக்க இடமில்லை. அதனால் அடிமட்டம் வைத்துப் பழைய நம்பரைக் கோடிட்டு வெட்டி, கீழே புது நம்பரை ரப்பர் முத்திரையால் குத்தினோம். நானும் இன்னொரு பிள்ளையும் பின்னேரங்களில் இருந்து குத்தினோம். ஊதா மை விரலில் இருந்து போக இரண்டு கிழமை எடுத்தது. ஆனால் அந்த 22 ஏன் வந்தது என்பதை எனக்கு அன்றைக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இருபது வருடம் கழித்து இந்த அண்ணன்தான், போட்டோக்கொப்பி எடுத்தபடியே சொல்லித் தந்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். முதலில் கொழும்புக்கு 01 உம் அதன் பின்னால் ஆறு இலக்கமும். கண்டிக்கு 08, காலிக்கு 09, அவற்றுக்கும் ஆறு. எங்களுக்கு 065 உம் ஐந்து இலக்கமும். எப்படிக் கூட்டினாலும் பூச்சியத்தோடு எட்டு. கைத்தொலைபேசி 077 உம் ஆறும், அது ஒன்பது. ஐந்து இலக்கத்தில் கணக்குப் பார்த்தால் ஒரு லட்சம் நம்பர் வரும் என்று தோன்றும். ஆனால் பூச்சியத்தில் ஒரு வீட்டு நம்பரும் தொடங்க முடியாது, அது வெளியூருக்குப் போகும் வழி. ஒன்றிலும் தொடங்க முடியாது, 119 மாதிரி அவசர நம்பர்கள் அங்கே இருக்கின்றன. மிச்சம் எண்பதாயிரம். அதையும் எக்ஸ்சேஞ்ச் எக்ஸ்சேஞ்சாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 40 என்றால் செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கம். 46 காத்தான்குடி, 50 களுவாஞ்சிகுடி, 57 வாழைச்சேனை. இதை அவர் எங்கும் பார்க்காமல், வீட்டு வாசலில் நின்று திசை காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

1996 இல் சன்ரெல், லங்காபெல் என்று கம்பியில்லாத வீட்டுப் போன் கொம்பனிகள் வந்தன. ரெலிகொம் மட்டும் இருந்த இடத்தில் மூன்று கொம்பனி. எல்லோருக்கும் எல்லா ஊரிலும் நம்பர் வேண்டும், ஒன்று மற்றதோடு முட்டக் கூடாது. அதற்காகத்தான் 2003 இல் நாடு முழுவதும் ஒரே நீளம் ஆக்கினார்கள். ஊர்க் குறியீடு மூன்று இலக்கம், அதற்குப் பின்னால் ஏழு. ஏழில் முதலாவது கொம்பனியைக் காட்டும்: 2 ரெலிகொம், 4 சன்ரெல், 5 லங்காபெல். கொழும்பு 01 போய் 011 ஆனது, ஆறு இலக்கத்துக்கு முன்னால் ஒரு 2 போட்டார்கள், ஏழு வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஐந்துதானே, அதனால் இரண்டு 2. முதல் 2 ரெலிகொம்மின் அடையாளம், அடுத்த 2 நீளத்தை நிரப்ப. 077 காரருக்கு ஒரு 7 கூடி 0777 ஆனது. வீட்டுப் போன் எட்டில் இருந்து பத்துக்கு வளர்ந்தது, கைப்போன் ஒன்பதில் இருந்து பத்துக்கு.

"பழசு ஒண்டும் அழியல்ல பிள்ளை. உள்ளுக்க அப்படியே கிடக்கு" என்று சொல்லி, பலகையைக் காட்டினார்.

அது எனக்குப் பிடித்தது. இந்த மாற்றத்தைத் திட்டமிட்டவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். புது நம்பரைக் கலைத்துப் போட்டுப் புதிதாகக் கொடுத்திருந்தால், அம்மாவின் கொப்பி வெறும் கடதாசி. கடைசி ஐந்து இலக்கத்தை அப்படியே விட்டபடியால்தான், இருபது வருடம் கழித்தும் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அதைத் திருத்த முடிகிறது. ஆனால் யாருக்கு எதைச் சேர்ப்பது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றையே சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் நாலு நாள் பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: கொப்பியை எழுதியவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணன் தன் கதிரையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றபடியே வேலை செய்தார். பேனையைத் தொடவேயில்லை. கூர் சீவிய எச்பி பென்சில். அம்மா எழுதிய நம்பரை வெட்டாமல், அதற்குக் கீழே சின்னதாகப் புது நம்பர். பிறகு அவருடைய மருமகப் பிள்ளை, இருபது வயதுத் தம்பி ஒருவர், அதைப் பார்த்துப் பார்த்துப் போனில் பதிந்தார். +94, பிறகு பூச்சியமில்லாமல் 65, பிறகு ஏழு. ஒவ்வொன்றும் முடிய வாய்விட்டு எண்ணுகிறார்: 94 க்குப் பின்னால் ஒன்பது இலக்கம் இருக்க வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிழை.

லண்டன் மாமாவின் பக்கம் வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே போதும், இந்தக் கொப்பி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். மாமா 1986 இல் இருந்து ஈஸ்ட்ஹாமில் ஒரே வீட்டில் இருக்கிறார். ஒருநாளும் வீடு மாறவில்லை, போனும் மாறவில்லை. ஆனால் கொப்பியில் அவருக்கு நாலு நம்பர். முதலாவது 0044 க்குப் பிறகு 1, அப்புறம் ஏழு இலக்கம்; அப்பாவின் கையெழுத்து, நீல மை. 1990 இல் லண்டனை இரண்டாகப் பிரித்து உள்ளே 071, வெளியே 081 என்று ஆக்கினார்கள். அப்பா 1 ஐ வெட்டி 81 என்று எழுதியிருக்கிறார். 1995 ஏப்ரல் 16 இல் பிரித்தானியா முழுவதும் ஊர்க் குறியீடுகளுக்குள் ஒரு 1 நுழைந்தது, 181 ஆனது. அது என் எழுத்து, பச்சைப் பேனை. 2000 இல் 20 என்ற ஒரே குறியீடும், ஏழு இலக்கத்துக்கு முன்னால் ஒரு 8 உம். அதை அம்மா எழுதியிருக்கிறார். அப்பா அதற்கு முதல் வருடம் போய்விட்டார்.

அம்மா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணனும் அவசரப்படுத்தவில்லை. போட்டோக்கொப்பிக்கு இரண்டு பேர் நின்றார்கள், அவர்களைக் கடைத் தம்பியிடம் போகச் சொன்னார்.

பரிசில் இருக்கும் பெரியம்மாவின் மகளின் வரியில் ஒரு கோடும் இல்லை. பிரான்சில் 1996 ஒக்டோபர் 18 இல் எல்லா நம்பரும் பத்து இலக்கமாகின. ஆனால் பரிசுக்கு வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்கள் முன்பும் 33 க்குப் பிறகு 1 அடித்துத்தான் எடுத்தார்கள், பிறகும் அதையேதான் அடித்தார்கள். இங்கிருந்து எடுத்த எங்களுக்கு மாற்றமே தெரியவில்லை. இதை அண்ணன் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை.

கட்டார் நம்பர்கள் ஏழு. மச்சான் முறையான மூன்று பேர், ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த ஏறாவூர்க் காக்கா ஒருவர், இன்னும் சிலர். எல்லாம் 974 உம் ஏழு இலக்கமும். இதற்கு அண்ணன் கையைத் தட்டிச் சிரித்தார். 2010 யூலை 28 இல் கட்டாரில் முதல் இலக்கத்தை இரட்டிப்பாக்கினார்கள்: 5 இல் தொடங்கியது 55, 6 என்றால் 66, வீட்டு நம்பர் 4 என்றால் 44. அந்தக் கிழமை காத்தான்குடியில் இருந்தும் ஏறாவூரில் இருந்தும் உம்மாமார் துண்டுக் கடதாசியோடு இந்தக் கடைக்கு வந்து நின்றார்களாம், மகனுடைய போன் செத்துப் போச்சு என்று. ஒவ்வொருவருக்கும் அவரே அடித்துக் காட்டி, துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். இந்த வேலையை அவர் எங்கே பழகினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடலோரக் கிராமமான நாவலடியின் பக்கம் வந்தபோது அம்மா கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதினொரு பெயர். 2003 இல் அந்தப் பதினொன்றுக்கும் யாரும் 22 சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சேர்க்கத் தேவை இருக்கவில்லை. கடைத் தம்பி மெதுவாகக் கேட்டார், "அம்மா, இதப் போனில போடாம விடட்டா?" அம்மா தலையசைத்தார். அண்ணன் பென்சிலை எடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். எத்தனையோ கடைகளில் இதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

இனி, பிழை நடந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் பழக்கம், ஊரை முதல் எழுத்தில் குறிப்பது. மட்டக்களப்பு டவுண் என்றால் ம., வாழைச்சேனை வா. ஆனால் க. என்பது கல்லடியும் ஆகலாம், களுவாஞ்சிகுடியும் ஆகலாம், கல்முனையும் ஆகலாம். கல்லடியும் களுவாஞ்சிகுடியும் எங்கள் 065. கல்முனை அம்பாறை மாவட்டம், அதற்கு 067. (அம்பாறை டவுண் 063, ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு குறியீடு.) 50 இல் தொடங்குவது களுவாஞ்சிகுடி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் 2 இல் தொடங்குகிற ஐந்து இலக்கம் கல்லடியிலும் இருக்கும், கல்முனையிலும் இருக்கும். அப்படி ஆறு பெயர் இருந்தது. ஐந்தை அம்மா ஞாபகத்தில் இருந்து சொன்னார். ஆறாவது, அம்மாவோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒரு ரீச்சர். அந்தப் பெயரில் அம்மாவுக்கு ஆறேழு பேரைத் தெரியும். அம்மா குழம்பிப்போய்க் கல்லடி என்று சொல்ல, அண்ணன் 065 போட்டுவிட்டார். அம்மா களைத்துப்போயிருந்த நேரம் அது, இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு நாள் பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் அவர் வேலையில் நான் கண்ட குறை.

வீட்டுக்கு வந்து அந்த நம்பரை எடுத்தேன். மணி அடித்தது, ஒரு ஆள் எடுத்தார், டவுணில் ஒரு வீடு. அப்படி ஒரு ரீச்சர் இங்கே ஒருநாளும் இருந்ததில்லை என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அடுத்ததாகக் கடை திறந்த நாள் போய்ச் சொன்னதும் அண்ணன் கொப்பியை வாங்கி, அந்தப் பெயருக்கு மேலும் கீழும் இருந்த பெயர்களைப் பார்த்தார். மேலே சாய்ந்தமருது, கீழே நிந்தவூர். ஒரே நாளில், ஒரே பேனையால் எழுதியது. "இது அந்தப் பக்கம் போய் வந்து எழுதினது பிள்ளை" என்றார். கடைப் போனில் இருந்தே 067 அடித்து, 22 அடித்து, அந்த ஐந்தையும் அடித்தார். நீண்ட நேரம் மணி அடித்தது. ஒரு பெண்பிள்ளை எடுத்தார். கல்முனைக்குப் பக்கத்துக் காரைதீவு. மாமியார் பின்னுக்குக் கிணற்றடியில் நிற்கிறார், கூப்பிடவா என்று கேட்டார்.

அந்தக் கோலுக்கு அவர் காசு எடுக்கவில்லை. தன் பிழை என்றார்.

அன்று பின்னேரம் அம்மா தன் புதுப் போனில் தானே எடுத்தார். நான் அடுப்படியில் நின்றேன். "என்னகா, என்னைத் தெரியல்லையா?" என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். கடல் வந்த அன்று அந்த ரீச்சர் வீதிக்கு மேற்கே இருந்த மகள் வீட்டில் நின்றிருக்கிறார், அதனால் உயிரோடு இருக்கிறார். அம்மாவுக்கு அது இத்தனை வருடம் தெரியாது. கேட்கப் பயந்து எடுக்காமல் இருந்தாராம். இதை அம்மா எனக்கு இரவு படுக்கும்போதுதான் சொன்னார்.

காசு விபரம்: கொப்பி முழுவதையும் திருத்தி, போனில் ஏற்ற, எங்களிடம் 1,800 ரூபாய் எடுத்தார். பக்கக் கணக்கு, பெயர்க் கணக்கு இல்லை. கொப்பியைப் பார்த்துச் சொல்கிறார். முதலே சொல்லிவிடுகிறார், பிறகு கூட்டுவதில்லை. டவுணில் போனைக் கெடுத்துத் தந்ததற்கு 500 கொடுத்தேன், அதோடு பார்த்தால் இது மலிவு. மூன்று நாள் எடுத்தது. கரண்ட் போன ஒரு பின்னேரம் இல்லாவிட்டால் இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

கொப்பியை இரவு கடையில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறார், நான் பார்த்தேன். ஆனாலும் பகலில் மேசையில் திறந்து கிடக்கிறது, போட்டோக்கொப்பிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். வீட்டு நம்பர்கள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் இருக்கிற கொப்பி அது. மூடி வைக்க ஒரு பழக்கம் வேண்டும், வாங்கும்போது ஒரு ரசீதும் தர வேண்டும். இதை அவரிடமே சொன்னேன், சரி என்று கேட்டுக்கொண்டார். இருக்க ஒரே ஒரு கதிரை. முழங்கால் நோவுக்காரர் வந்தால் மற்றவர் நிற்க வேண்டும். வாசலில் இரண்டு படி உயரம், பிடிக்கக் கம்பி இல்லை; அம்மாவை நான் தாங்கித்தான் ஏற்றினேன்.

கேட்காமலே செய்து தந்த ஒன்றும் இருக்கிறது. கொப்பியின் முன் மட்டைக்கு உள்பக்கம், முன்பு அப்பா ஒரு ஹயர் கார்க்காரரின் நம்பரை எழுதி, அவசரம் என்று அடிக்கோடு இட்டிருந்தார். அதற்குக் கீழே அண்ணன் பெரிதாக 1990 என்று எழுதி, அம்புலன்ஸ், காசில்லை என்று குறித்தார். அதற்குக் கீழே 119. கொப்பியில் இப்போது வேலை செய்கிற நம்பர்களில் பத்து இலக்கத்துக்குக் குறைந்தவை அவை இரண்டும்தான். அம்மா அவற்றை மனப்பாடம் செய்துவிட்டார்.

கடை காலை எட்டரைக்குத் திறக்கிறது, ஞாயிறு பூட்டு. பள்ளிக்கூடம் விடும் நேரம் போகாதீர்கள், பிள்ளைகள் போட்டோக்கொப்பிக்கு நெருக்குவார்கள். பத்து மணிக்குப் போனால் ஆறுதலாகப் பார்க்கலாம். இது அவசர வேலை இல்லை என்று முதலே சொல்லிவிடுங்கள், அப்படிச் சொன்னால் இன்னும் நன்றாகச் செய்கிறார்.

நேற்று அம்மா அலுமாரியின் மேல்தட்டில் இருந்து அப்பாவின் 1994 ஆம் ஆண்டு டயறியை இறக்கி, தூசி தட்டி, மேசையில் வைத்திருக்கிறார். அதன் கடைசிப் பக்கங்களில் நாற்பது நம்பர் இருக்கிறது, எல்லாம் ஐந்து இலக்கம். ஊர் ஒன்றுக்கும் போடவில்லை. வருகிற சனி பத்து மணிக்குக் கொண்டுபோகிறோம்.